கருவளையமும் காலைத் தும்மலும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். சொந்த ஊர் சேலம், வயது 27, மாரத்தஹள்ளியில் பி.ஜி.யில் தங்கி ஐ.டி. வேலை. பெங்களூர் வந்த பிறகு கண்ணுக்குக் கீழே கருமை கூடிக்கொண்டே போகிறது. தினமும் ஏழு மணி நேரம் தூங்குகிறீர்கள். ஆனாலும் வீடியோ காலில் முகத்தைப் பார்த்ததும் அம்மா, "ராத்திரியெல்லாம் போனை நோண்டிட்டு இருந்தா இப்படித்தான் ஆகும்" என்கிறார். கண்ணடியில் தடவும் சீரம் வாங்கிப் பார்த்தும் பலன் இல்லை. பக்கத்துப் பார்லரில் இரண்டு சிட்டிங் பீல், அதாவது அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிப்பது, செய்தால் போய்விடும் என்கிறார்கள். தை மாதம் கல்யாணம். எந்த க்ரீம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். க்ரீமைவிட, இது ஏன் வந்தது, உங்கள் பழக்கத்தால் வந்ததா என்பதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நடுவே அடைப்புக்குறிக்குள், "காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல் வரும், அது வேற விஷயம்" என்று ஒரு வரி வேறு. என்னைப் பொறுத்தவரை அந்த வரிதான் உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி.

நான் பெங்களூரில் தோல் மருத்துவம் பார்ப்பவன். அல்சூர், மர்ஃபி டவுன் பக்கத்து நம் ஆட்களும், உங்களைப் போல வேலைக்கு வந்தவர்களும் நிறையப் பேர் வருவார்கள். முகப்பருவுக்கும் முடி உதிர்வுக்கும் அடுத்தபடியாக என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கப்படுவது இந்தக் கருவளையம்தான். நீங்கள் போட்டிருக்கும் படத்தை மட்டும் வைத்து இன்ன காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். செல்போன் கேமரா நிறத்தை மாற்றும். தலைக்கு மேலே டியூப்லைட் இருந்தால் குழந்தைக்குக்கூடக் கண்ணடி கறுத்துத் தெரியும். ஆனால் நீங்களே வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு, அதிலேயே பாதி தெளிவாகிவிடும்.

கண்ணிமைத் தோல்தான் உடம்பிலேயே மெலிதானது, அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. அதற்குக் கீழே கொழுப்பும் அநேகமாகக் கிடையாது. நேராகத் தசையும் ரத்தநாளங்களும்தான். அதனால் அங்கே கருமை தெரிவதற்கு மூன்று வழிகள். தோலிலேயே மெலனின் என்கிற நிறமி கூடியிருக்கலாம். மெல்லிய தோல் வழியாக அடியில் உள்ள ரத்தம் நீலமாகவோ ஊதாவாகவோ தெரியலாம். இரண்டும் இல்லாமல், கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் நிழலாகவும் இருக்கலாம். பகலில் ஜன்னலைப் பார்த்தபடி நின்று, கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து வெளிச்சம் விழும்போதே கருமை பெரும்பாலும் மறைந்துவிட்டால், அது நிழல். மறையவில்லையென்றால் ஒரு விரலால் கண்ணடித் தோலை மெதுவாகக் கன்னத்துப் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். பழுப்பு நிறம் மாறாமல் தோலோடு சேர்ந்து நகர்ந்தால் நிறமி. இழுக்க இழுக்க நீலம் தூக்கலாகத் தெரிந்தால் ரத்தநாளம். நம் நிறத்துக்காரர்களில் பலருக்கு இவை கலந்தே இருக்கும். அப்போது எது அதிகம் என்று மட்டும் பாருங்கள். நிறமிக்கான சீரத்தை நிழலுக்குத் தடவிவிட்டு, பலனே இல்லை என்று குறைப்படுபவர்கள் ஏராளம்.

இனி தும்மலுக்கு வருகிறேன். மூக்கில் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு மூக்கின் உள்சவ்வு வீங்கும். கண்ணடியிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக்கொண்டு போகும் சிறு சிரைகள் மூக்கையும் சைனஸையும் ஒட்டித்தான் வடிகின்றன. சவ்வு வீங்கினால் அந்த வடிகால் நெருக்கப்பட்டு, மாலை ஆறு மணிக்கு சில்க் போர்டு சிக்னலில் வண்டிகள் தேங்குவதைப் போல ரத்தம் கண்ணடியில் தேங்கும். அந்தத் தேக்கம்தான் நீலக் கருமையாகத் தெரிகிறது. கூடவே லேசான வீக்கமும் இருக்கும். இப்படிப்பட்டவர்களுக்குக் கீழ் இமைக்கு அடியில் ஒன்றிரண்டு மடிப்புகள் கூடுதலாக இருப்பதுண்டு, டென்னி-மார்கன் மடிப்பு என்பார்கள். சின்ன வயதிலிருந்தே மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்குத் தண்டில் குறுக்காக ஒரு கோடு விழுந்தவர்களும் உண்டு. கண்ணாடியில் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள்.

"பெங்களூருக்கு வந்த பிறகுதான்" என்று நீங்கள் சொல்வதும் இதோடு பொருந்துகிறது. ஊரில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்துவிட்டு இங்கே வந்து ஓரிரு வருடத்தில் தும்ம ஆரம்பிப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மிதமான வெப்பமும் ஈரப்பதமும் தூசிப்பூச்சிக்குப் பிடித்தவை. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும், அதன் கழிவுதான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. பி.ஜி. மெத்தைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் அதில் படுத்தார்களோ. எழுந்தவுடனே தும்மல் என்றால் முதலில் படுக்கையைத்தான் சந்தேகிக்க வேண்டும். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த முழு உறை போடுங்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், பச்சைத் தண்ணீரில் அந்தப் பூச்சி சாகாது.

வைத்தியம் என்று பார்த்தால், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேதான் இதற்கு முதல் மருந்து. மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் என்ற பெயர்களில் வரும். ஈ.என்.டி. மருத்துவரையோ பொது மருத்துவரையோ பார்த்து எழுதி வாங்குங்கள். அடிக்கும்போது மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடிக்காமல், சற்று வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும், இல்லையென்றால் ரத்தம் கசியும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். இரண்டு நாள் அடித்துவிட்டு மேஜை டிராயருக்குள் போடுபவர்களே அதிகம். தேவைப்பட்டால் ஃபெக்சோஃபெனடின், செட்டிரிசின் போன்ற மாத்திரைகளும் சேர்ப்போம். அடைத்த மூக்கை உடனே திறக்கும் சொட்டு மருந்து இதிலிருந்து வேறு. அதை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். மூக்கு அடங்கிய பிறகு கண்ணடி எவ்வளவு வெளுக்கும் என்று கேட்டால், ரத்தத் தேக்கத்தால் வந்த நீலமும் வீக்கமும் குறையும் என்பது உறுதி. பல வருடமாகத் தேய்த்துத் தேய்த்துப் படிந்த பழுப்பு அவ்வளவு சுலபத்தில் இறங்காது.

ஏனென்றால் ஒவ்வாமைக்காரர்களுக்குக் கண்ணும் அரிக்கும், அரித்தால் கை போகும். மெல்லிய தோலைத் தினமும் தேய்த்தால் அங்கே சின்னச் சின்ன அழற்சி வந்து, ஆறும்போது கருமையை விட்டுவிட்டுப் போகும். நம் தோல் எந்தக் காயத்துக்கும் கருமையால்தான் பதில் சொல்லும், கொசு கடித்த தழும்பே அதற்குச் சாட்சி. தேய்க்காதே என்று சொல்வது எளிது. தூக்கத்தில் தேய்ப்பவரிடம் என்ன சொல்வது? அரிப்பை அடக்கினால்தான் கை நிற்கும். அரிக்கும்போது குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றுங்கள், கண் மருத்துவர் தரும் ஒவ்வாமைச் சொட்டு மருந்தைப் போடுங்கள். இதில் அழகைவிடப் பெரிய விஷயமும் ஒன்று இருக்கிறது. கண்ணை விடாமல் கசக்கும் பழக்கத்துக்கும், கருவிழி கூம்பு போலப் பிதுங்கிப் பார்வையைக் கெடுக்கும் கெரட்டோகோனஸ் என்ற நோய்க்கும் தொடர்பு உண்டு. உங்கள் கண்ணாடிப் பவர் வருடா வருடம் மாறிக்கொண்டிருந்தால் கண் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அரிப்போடு இமைத் தோல் சொரசொரப்பாகவோ தடித்தோ இருந்தால், வேறு சிலவற்றையும் யோசிக்க வேண்டும். இந்த ஊரில் எந்தக் காலி சைட்டைப் பார்த்தாலும் வெள்ளைப் பூவோடு இடுப்பளவு வளர்ந்து நிற்கும் பார்த்தீனியச் செடி. காங்கிரஸ் செடி என்று இங்கே சொல்வார்கள். காய்ந்த செடித் தூசு காற்றில் பறந்து வந்து இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று பட்ட இடத்தில் ஒவ்வாமைத் தோல் அழற்சியை உண்டாக்கும். வண்டியில் போகிறவர்களுக்கும் வயல், தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் அதிகம். இன்னொன்று, தலைச்சாயம். சாயம் பூசியது தலையில் என்றாலும் அரிப்பும் வீக்கமும் இமையில்தான் முதலில் தெரியும், தோல் அங்கே மெலிசு என்பதால். சாயத்திலுள்ள பி.பி.டி. என்ற ரசாயனம்தான் பெரும்பாலும் காரணம். கல்யாணக் கையில் வைக்கும் 'கருப்பு மருதாணி'யிலும் அதைக் கலக்கிறார்கள், நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். கண்மை போடுபவராக இருந்தால், இரவில் அதை எண்ணெயோ, மேக்கப் கலைக்கும் மைசெல்லர் வாட்டரோ தொட்ட பஞ்சால் ஒற்றி எடுங்கள். முரட்டுத் துணியால் அழுத்தித் துடைப்பதே பலருக்குக் கருமையைக் கூட்டுகிறது. சுர்மா வேண்டவே வேண்டாம், அதில் ஈயம் உண்டு.

அம்மாவுக்கும் இதே மாதிரி இருக்கிறதா, தாத்தாவுக்கு இருந்ததா என்று பழைய போட்டோக்களைப் பாருங்கள். பரம்பரையாக வரும் கருமை இளவயதிலேயே தொடங்கும், சில குடும்பங்களில் மேல் இமையையும் சேர்த்து வளையமாகவே சூழ்ந்திருக்கும். அப்படி இருந்தால் அதைக் குறைக்க முடியும், அடியோடு எடுக்க முடியாது. எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும், மருத்துவரே சொன்னாலும், பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். வெயிலும் இந்தக் கருமையைக் கூட்டும். பெங்களூர் குளுகுளுவென்று இருப்பதால் இங்கே வெயிலே இல்லை என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருக்கின்றன. பெங்களூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே வேறு. உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். தோல் சுடவில்லை என்பதற்காகக் கதிர் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

தூக்கம், போன், தண்ணீர் இந்த மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஒரு ராத்திரி முழித்தால் மறுநாள் முகம் வெளிறி, கண்ணடி வீங்கி, இருக்கிற கருமை எடுப்பாகத் தெரியும். நன்றாகத் தூங்கினால் அது சரியாகும். ஏழு மணி நேரம் தூங்கும் ஒருவருக்கு வருடக்கணக்கில் நிற்கும் கருமையைத் தூக்கத்தின் தலையில் கட்டுவதற்கு ஆதாரம் போதாது. போன் வெளிச்சம் கண்ணடியைக் கறுப்பாக்கும் என்பதற்கும் உருப்படியான சான்று இல்லை, அதனால் அம்மாவிடம் நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். நாலு லிட்டர் தண்ணீர் குடித்தால் போய்விடும் என்பதும் வெறும் பேச்சு. ஆனால் ரத்தச்சோகை வேறு கதை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை இருந்தது. முகம் வெளிறினால் கண்ணடி இன்னும் எடுத்துக் காட்டும். ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் ஒருமுறை பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் கருவளையம் போகிறதோ இல்லையோ, இரும்புச்சத்து அவசியம். மாத்திரையை ஃபில்டர் காபியோடு சேர்த்து விழுங்காதீர்கள். காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

க்ரீம்களில் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சன்ஸ்க்ரீன் ஒன்றைத்தான். எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் இருக்க வேண்டும். லேசான தோல் நிறத்தில் வரும் டின்டட் வகை என்றால் இன்னும் நல்லது, அதிலுள்ள இரும்பு ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், நம் தோலைக் கறுக்க வைப்பதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு. துத்தநாக ஆக்ஸைடு உள்ளது கண்ணில் எரிச்சல் தருவது குறைவு. நிறமி வகையாக இருந்தால் வைட்டமின் சி, நியாசினமைடு, கோஜிக் அமிலம், அசிலாயிக் அமிலம் இவற்றில் ஒன்று உதவலாம், மிதமாக, மூன்று மாதம் விடாமல் தடவினால். ரெட்டினால் தோலைச் சற்றுத் தடிக்க வைத்து ரத்தநாளம் தெரிவதைக் குறைக்கும். வாரம் இரண்டு இரவில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்குத் திட்டமிட்டால் அதை முன்பே நிறுத்திவிடுங்கள். காஃபின் சீரம் நாளங்களைச் சில மணி நேரம் சுருக்கும், பொய்யில்லை. சாயங்காலத்துக்குள் பழையபடி ஆகிவிடும். நீங்கள் வாங்கியது எந்த வகை என்று எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் மூக்கை விட்டுவிட்டு அதை மட்டும் தடவியதால் பலன் இல்லாமல் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

பார்லர் பீலுக்கு என் பதில்: வேண்டாம். பீல் என்பது கெட்ட வைத்தியம் இல்லை. நிறமி வகைக்கு நாங்களும் லாக்டிக் அமிலம், கிளைகாலிக் அமிலம் வைத்துச் செய்கிறோம். ஆனால் இமைத் தோலில் அமிலத்தின் அளவும் நிமிடக் கணக்கும் கொஞ்சம் பிசகினால் புண்ணாகி, ஆறும்போது முன்னைவிடக் கறுக்கும். ஒவ்வாமையால் ஏற்கெனவே அழன்றிருக்கும் தோலில் அமிலம் போடுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதுதான். இதைவிட நான் பயப்படுவது மெடிக்கல் ஷாப்பில் 'வெள்ளையாகும் க்ரீம்' என்று கேட்டால் எடுத்துத் தருகிற ட்யூபுக்கு. ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த அந்த க்ரீமைப் பூசினால் பத்தே நாளில் பளிச்சென்று ஆகும். பிறகு நிறுத்த முடியாது. நிறுத்தினால் எரிச்சல், சிவப்பு, இரட்டிப்புக் கருமை. தோல் மெலிந்து நாளங்கள் வெளியே தெரியும். கண்ணைச் சுற்றி மாதக்கணக்கில் தடவினால் கண் அழுத்தமும் கண்புரையும்கூட வரலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு க்ரீம்களை விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கடைக்காரர்கள் எவ்வளவு தூரம் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் கண்ணடியில் நீங்களாகத் தடவாதீர்கள். மேலே மூக்கு ஸ்பிரேயில் மொமெட்டசோனைப் பரிந்துரைத்தவரே இங்கே வேண்டாம் என்கிறாரே என்று கேட்பீர்கள். மூக்கில் போவது மைக்ரோகிராம் கணக்கு, பூசுவது இமையின் மெல்லிய தோலில். மருந்து ஒன்றுதான், ஆபத்து ஒன்றில்லை.

பள்ளத்தின் நிழலாக இருப்பவர்களுக்கு எந்தக் க்ரீமும் உதவாது. ஹயலூரானிக் அமில ஃபில்லரை ஊசியால் செலுத்திப் பள்ளத்தை நிரப்பலாம். கைதேர்ந்தவர் செய்தால் நல்ல பலன் தரும். ஆழம் குறைந்தால் நீலமாகத் தெரியும், தப்பித் தவறி ரத்தநாளத்துக்குள் போனால் பார்வையே போகும் ஆபத்தும் அபூர்வமாக உண்டு. உங்கள் 27 வயதில் அதற்கு அவசரம் இல்லை என்பேன். லேசர் நம் நிறத்துக்கு இருமுனைக் கத்தி. சொந்த ரத்தத்தின் பிளாஸ்மாவை ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. பற்றிய விளம்பரம் ஆதாரத்தைவிட வெகுதூரம் முன்னால் போய்விட்டது. வீட்டு வைத்தியத்தில் வெள்ளரித் துண்டு, குளிர்ந்த டீ பை, ஃப்ரிட்ஜில் வைத்த ஸ்பூன் எல்லாமே குளிர்ச்சியால் வீக்கத்தைச் சற்று நேரம் குறைப்பவை, தாராளமாகச் செய்யுங்கள். எலுமிச்சைச் சாறு மட்டும் கூடாது. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும்.

தை வரை எவ்வளவு நாள் இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். மூக்கு வைத்தியமும் படுக்கை உறையும் இந்த வாரமே ஆரம்பிக்கலாம். சன்ஸ்க்ரீனும் அப்படியே. நிறமிக்கான க்ரீம் ஒன்றைத் தோல் மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகு சேருங்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில் புதிதாக எதையும் முகத்தில் பரீட்சித்துப் பார்க்காதீர்கள். மேக்கப் போடும் பெண்ணிடம் கன்சீலருக்கு அடியில் ஆரஞ்சு சாயல் உள்ள கரெக்டரை மெல்லியதாகப் போடச் சொல்லுங்கள், அது நீலத்தையும் பழுப்பையும் சமன் செய்யும். வெறும் வெளிர் கன்சீலரைப் பூசினால் போட்டோவில் சாம்பல் பூசிய மாதிரி விழும். அந்த ஒரு நாளுக்கு நாங்கள் செய்வதைவிட அவர்கள் செய்வதே பலன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றிரண்டு வார்த்தை. கண் அழுத்தத்துக்கு லட்டனோப்ரோஸ்ட், பைமட்டோப்ரோஸ்ட் போன்ற சொட்டு மருந்து போடும் வீட்டுப் பெரியவர்களுக்குக் கண்ணடி கறுக்கலாம், இமைமுடியும் நீளும். அதற்குப் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள், கண் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் நீலச் சாம்பலாகப் படர்ந்து வெள்ளை விழியிலும் அந்த நிறம் தெரிந்தால் அது கருவளையம் இல்லை, ஓட்டா மச்சம் என்ற வேறொன்றாக இருக்கலாம். தோல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் இருவரையும் பார்க்க வேண்டும். காலையில் கண்ணடி மட்டுமல்லாமல் முகமே ஊதி, மாலையில் காலும் வீங்கினால் தோல் மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்காமல் சிறுநீர், ரத்தப் பரிசோதனைக்குப் பொது மருத்துவரிடம் போங்கள்.